மெழுகுக்கு மேல் அடித்த பச்சை

மெழுகு பூசிய மரத்தின் மேல் எனாமல் பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரியாவிட்டால் நல்லது. தெரிந்துகொள்வதற்காக யாரும் அடித்துப் பார்க்கவும் வேண்டாம். நான் பார்த்திருக்கிறேன்.

மேசை நாற்காலிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் இந்த ரிங்லெட் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து கொஞ்சம் பேசும்படி முதலாளி என்னைக் கேட்டார். கை விரல்கள் மரத்துப்போய் வேலையை விட்டவள் சும்மாதானே இருக்கிறேன் என்று நினைத்திருப்பார். பத்துப் பேர் முன்னால் நின்று பேச எனக்கு இந்த வயதிலும் வராது. எழுதித் தருகிறேன் என்றேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவளின் எழுத்து. அந்த அளவுக்கு எதிர்பாருங்கள்.

பெயிண்ட் எப்படிக் கலப்பது, மெழுகை எப்படி உருக்குவது என்பதெல்லாம் இதில் இல்லை. அதைப் பட்டறையில் காட்டுவார்கள். நான் எழுதுவது பங்களா நாற்காலிகளைப் பற்றி. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இன்றைக்கும் யாராவது அதைச் சொல்லிச் சிரித்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எழுபதுகளின் கடைசி. நான் அப்போது துரை பங்களாவில் துணி துவைக்கிற வேலையில் இருந்தேன். வெள்ளைக்காரத் துரைகள் போய், கிள்ளானில் பிறந்த தமிழர் ஒருவர் மானேஜராக வந்திருந்தார். அவரையும் நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். அவர் மனைவி துரைசாணி. பழைய துரைகள் விட்டுப்போன மேசை நாற்காலிகளெல்லாம் கணப்புப் புகை பட்டுக் கறுத்து, ஈரத்தில் நிறம் வெளிறிக் கிடந்தன. துரைசாணி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"லெட்சுமி, இந்தப் படத்தப் பாரு. இந்த மாதிரி நம்மளே செய்யலாம் போலிருக்கு. உனக்குக் கோலம் போடுற கை. வா, ஒரு ஸ்டூல்ல செஞ்சு பாப்போம்."

எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் என்று யாரையும் சொல்ல முடியாது. துரைசாணிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதல் ஸ்டூலைப் பாழாக்கினோம். இரண்டாவதையும் பாழாக்கினோம். காட்டுத் தேன் விற்க வரும் ஓராங் அஸ்லி பழங்குடிகளிடம் தேன்மெழுகு வாங்கி டர்பன்டைனில் கரைக்கக் கற்றுக்கொண்டோம். கடைசியில் கை வந்தது. அடியில் மங்கலான நீலம். அதற்கு மேல் பால் நிறம். காய்ந்த பிறகு கை படுகிற இடத்தையும் ஓரங்களையும் உப்புத்தாளால் தேய்த்தால் நீலமும், அதற்கும் கீழே மரமும் எட்டிப் பார்க்கும். நாற்காலியின் முதுகில் மெல்லிய தூரிகையால் ஒரு பூங்கொடி வரைவேன். எல்லாவற்றுக்கும் மேலே பழுப்பு மெழுகு. பல வருஷம் ஒரு வீட்டில் ஆள் உட்கார்ந்து எழுந்த நாற்காலி போல இருக்கும்.

எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் வெளியே சொல்ல வெட்கம். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் பெயிண்ட் என்றால் பொங்கலுக்கு முன்னால் அடிப்பது. வாசற்படி, சன்னல், சாமி மாடம் எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும். எங்கேயாவது மரம் தெரிந்தால் பெயிண்ட் பற்றவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஊரில், நல்லா அடித்த பெயிண்டை நானே தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

பங்களாவில் கூட்டித் துடைத்துக் கணப்பு மூட்டுகிற வேலை பாக்கியம் அக்காவுக்கு. என்னை விடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்கள் லயத்தில் கோடி வீடு. புருஷன் இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. முட்டி வலியால் மலையேறிக் கொழுந்தெடுக்க முடியாது என்றுதான் பங்களா வேலை கொடுத்திருந்தார்கள். தோட்டத்தில் உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. வேலை இருந்தால்தான் வீடு. வீட்டில் ஒருவருக்காவது தோட்டத்து வேலைப் பதிவில் பெயர் இருக்க வேண்டும். அக்கா வீட்டில் இருந்தது அவர் பெயர் ஒன்றுதான்.

அக்காவுக்கு வாய் நிற்காது. நான் நாற்காலிகளைப் பின்கட்டில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது விளக்குமாற்றோடு வந்து நின்றார்.

"என்னாடி இது, எலி கடிச்ச மாதிரி? பெயிண்ட் பத்தலியா?"

"இல்லக்கா. இன்னும் வேல இருக்கு."

"அதானே பாத்தேன். தொரசாணி கிட்டச் சொல்லி இன்னொரு டின்னு வாங்கிக்கலா. வெக்கப்பட்டுக்கிட்டே இருந்தா எப்படி?"

"வாங்கிக்கிறேன்க்கா."

தோட்டக்காரர் வந்தார். அவரும் கேட்டார். அவருக்கும் இன்னும் வேலை இருக்கிறது என்றேன். சமையற்காரர் வந்து, "லெட்சுமி, இத என் மாமியார் வீட்டுக்குக் குடுத்துடு, அவங்களுக்கு இதுவே போதும்" என்று சிரித்தார். அவரிடமும் அதையேதான் சொன்னேன். வேலை முடிந்துவிட்டது, இது இப்படித்தான் இருக்க வேண்டும், வேண்டுமென்றே செய்தது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்று பயம். இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டால் யாரும் அதைப் பற்றி மேற்கொண்டு பேசமாட்டார்கள். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் கம்பெனியின் பெரிய ஆட்கள் குடும்பத்தோடு பங்களாவுக்கு வரப் போவதாகத் தகவல் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு. பங்களாவை விருந்தினர் விடுதியாக்கலாமா, அதிலுள்ள சாமான்களை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்று பார்க்க வருகிறார்கள். சாப்பாட்டு நாற்காலிகள் எட்டையும் நான் முடித்திருந்தேன். மெழுகு இறுகியதும் துணியால் ஒருமுறை மெருகேற்ற வேண்டியதுதான் பாக்கி.

அந்த வாரத்தில் மலையடிவாரத்துத் தாப்பாவிலிருக்கும் என் நாத்தனாருக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதென்று ஆள் வந்தது. போய் ஒரு நாள் இருந்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன். பஸ்ஸுக்கு ஓடும்போது பாக்கியம் அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"நாக்காலி என்னா ஆச்சு? சனிக்கெழம ஆளுங்க வர்றாங்கலா."

"வந்து மிச்சத்தப் பாத்துக்கிறேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மழை பிடித்துக்கொண்டது. திரும்ப வேண்டிய நாளில் தாப்பா ரோட்டில் மண் சரிந்து வண்டி ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. சனிக்கிழமை காலையில் ஒரு காய்கறி லோரிக்காரர் முன்சீட்டில் இடம் கொடுத்ததால் வந்து சேர்ந்தேன். வீட்டுக்குக்கூடப் போகாமல் பங்களாவுக்குப் போனேன்.

சாப்பாட்டு அறையில் எட்டு நாற்காலிகளும் பச்சை.

கணக்கெழுதும் கிராணியின் பொறுப்பிலுள்ள தோட்டத்து ஸ்டோரில் ஒரு பச்சை எனாமல் இருக்கும். லயத்துக் கதவு, தண்ணீர்த் தொட்டி மூடி, தொழிற்சாலைக் கம்பி என்று எல்லாவற்றுக்கும் அதே பச்சைதான். அந்தப் பச்சை. நான் வரைந்த கொடி எங்கேயும் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். பெயிண்ட் காயவில்லை. ஆறிய பாலில் ஆடை சுருங்குவது போல மெழுகின் மேல் சுருங்கிச் சுருங்கி நின்றது. விரல் வைத்தால் ஒட்டியது.

பாக்கியம் அக்கா அறை மூலையில் நின்றிருந்தார். முகத்தில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது.

"வந்துட்டியா? ஒன்னக் காணோமேன்னு நானே அடிச்சிட்டேன்டி. நேத்து பூரா இதே வேல. கிராணி கிட்டக் கெஞ்சி டின்னு வாங்கினேன். என்னமோ காய மாட்டேங்குதுலா. குளுருக்குத்தான் அப்படி இருக்கு, இல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் துரையும் துரைசாணியும் உள்ளே வந்தார்கள். ரோடு மூடுவதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் ஈப்போவுக்குப் போய், திரும்ப வழியில்லாமல் காத்திருந்து, அன்று காலையில்தான் திரும்பியிருந்தார்கள். துரைசாணி வாயில் கை வைத்துக்கொண்டார்.

"யாரு செஞ்சது இது?" என்றார் துரை.

"நான்தாங்க ஐயா" என்றார் அக்கா. "லெட்சுமி புள்ள பாதி வேலையில போயிருச்சு. ரோடு வேற மூடிக்கிச்சு. பெரிய ஆளுங்க வந்து பாத்தா அந்தப் புள்ளைக்குத்தானே கேவலம். அதான்..."

"பாதி வேலையா? அது முடிஞ்ச வேல! யாரக் கேட்டு இதத் தொட்ட?"

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் அதற்குள் ஒரு நாற்காலியின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன். பின்கால் ஒன்றை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

"நாளையிலேருந்து நீ இங்க வர வேணாம்" என்றார் துரை. "கிராணிகிட்டச் சொல்லிடறேன். போ."

அக்கா போகிற சத்தம் கேட்டது. முட்டி வலிக்காரர், ஒரு காலை இழுத்து நடப்பார். அந்தச் சத்தம் நடையைத் தாண்டி, சமையற்கட்டைத் தாண்டி, வெளியே போனது. நான் நாற்காலிக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் செய்த வேலையைச் சொல்கிறேன், அது உங்களுக்கு உதவும். துரை டர்பன்டைன் கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்றேன். டர்பன்டைன் ஊற்றினால் பச்சை போகும், அதோடு கொடியும் போகும். பச்சைக்கும் என் வேலைக்கும் நடுவில் மெழுகு இருக்கிறது. அது இருக்கிறவரை பச்சை உள்ளே போகவில்லை. மெழுகைத்தான் இளக வைக்க வேண்டும். கணப்பை மூட்டச் சொன்னேன். நாற்காலியைச் சூடு படும் தூரத்தில் வைத்து, மெழுகு மினுமினுக்க ஆரம்பித்ததும் பழைய சாரோங் துணியால் வழித்தேன். பச்சை சுருள் சுருளாகத் துணியோடு வந்தது. முதலில் ஒரு பின்காலில் மட்டும் பார்த்தேன். சரியாக வந்த பிறகுதான் மற்ற இடத்தில் கை வைத்தேன். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் தொட்டுவிடாதீர்கள். கண்ணில் படாத ஓர் இடத்தில் பார்த்துவிட்டுப் பிறகு செய்யுங்கள்.

துரைசாணியும் நானும் சேர்ந்து வழித்தோம். கணப்பை மூட்டியது சமையற்காரர். தினமும் அதை மூட்டுகிறவர் அங்கே இல்லை என்பதை நான் கவனிக்கத்தான் செய்தேன்.

கார்கள் வருவதற்குள் எட்டும் முடிந்தன. செதுக்கல் பள்ளங்களிலும் கொடியின் இலைகளைச் சுற்றியும் மட்டும் பச்சை போகவில்லை. எடுக்க நேரமில்லாமல் அப்படியே விட்டு மேலே மெழுகு போட்டுத் தேய்த்தேன். பால் நிறத்தில் அந்தப் பச்சை பாசி படர்ந்தது போல நின்றது. சொல்ல வாய் கூசுகிறது, முன்னால் இருந்ததை விட அழகாக இருந்தது.

சாப்பாடு பரிமாற என்னையும் நிறுத்தியிருந்தார்கள். வந்தவர்களில் ஓர் அம்மா நாற்காலி முதுகைத் தடவிப் பார்த்து, இந்தப் பச்சையை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். துரைசாணி என் தோளில் கை வைத்தார்.

"எல்லாம் எங்க லெட்சுமியோட கைவேல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். எனக்கு அது ஒன்றுதான் தெரியும், பேச வராதபோது சிரிப்பது. சாமான்களை விற்க வேண்டாம், இதே மாதிரி எல்லாவற்றையும் செய்யலாம் என்று அந்த மேசையிலேயே முடிவானது. இன்றைக்கு உங்கள் பட்டறை இருப்பதற்கும் அந்தச் சாப்பாடு ஒரு காரணம். எனக்குத் தொழில் கிடைத்தது அந்த மத்தியானத்தில்தான்.

மறுநாள் ஞாயிறு. அக்கா பொதுக் குழாயடியில் உட்கார்ந்து நகக்கண்ணிலிருந்த பச்சையை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் குடத்தோடு போனவள் அவரைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன். என் புருஷனிடம், தண்ணீர் வரவில்லை என்று சொன்னேன்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டு. கொழுந்தெடுக்கிறவர்கள் கூடையோடு வந்து நின்று, அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு போகிற களம் அது. பங்களா ஆட்கள் அங்கே போக வேண்டியதில்லை. நான் போனேன். ஏன் போகிறேன் என்று எனக்கே தெளிவாக இல்லை. பனி இறங்கி முன்வரிசையில் நிற்கிறவர்கள் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. கங்காணி வேலை பிரித்தார். பிறகு, பங்களா வேலைக்கு தன் மருமகள் போகிறாள் என்று சொன்னார். பாக்கியம் அக்கா ஒரு கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியில் நின்றிருந்தார். கிராணி அவரிடம் திரும்பினார்.

"பாக்கியம், மலையேற முடியுமா உன்னால?"

"முடியாதுங்களே, கிராணியாரே."

"அப்ப எந்த வேலையில உன் பேரப் போடுறது? பேரு இல்லாம எப்படி வீடு? கொஞ்சம் யோசிச்சுப் பாரு. சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா?"

 அக்கா பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

துரை களத்தின் மேட்டில் நின்றிருந்தார். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனேன். 

"ஐயா" என்றேன். பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை. மறுபடியும் "ஐயா" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு பெண், "அட, லெட்சுமிக்கு வாய் இருக்குலா!" என்றாள். கூட்டம் சிரித்தது.

"அக்கா மேல தப்பு இல்லீங்க. வேல முடியலன்னு நான்தான் சொன்னேன். கேட்டவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். அத அவங்க நம்பினாங்க. என்னைக் காப்பாத்தத்தான் அடிச்சாங்க."

"முடிஞ்ச வேலைய ஏன் முடியலன்னு சொன்ன?"

"எல்லாரும் சிரிச்சாங்க. வெக்கமா இருந்துச்சு."

இதைச் சொன்னதும் மறுபடியும் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. 

"அத சனிக்கெழமையே என்கிட்டச் சொல்றதுக்கு என்னா? நீ பக்கத்துலதானே ஒக்காந்திருந்த?"

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். 

"கங்காணி வீட்டுக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன்" என்றார் துரை. "அத மாத்த முடியாது. நாத்து மேடையில ஒக்காந்து செய்ற வேல இருக்கு, பையில மண்ணு நெரப்புறது. பாக்கியத்துக்கு இஷ்டம்னா அங்க பேரப் போடுங்க, கிராணி."

அக்கா தலையை ஆட்டினார். கிராணி பெயரைப் போட்டார். வீடு நின்றது. பங்களா வேலை போனது போனதுதான். மலை இறங்கி, ஓடைப் பக்கத்து ஈரத்தில், கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு நாள் முழுவதும் மண் நிரப்புகிற வேலை. கணப்புப் பக்கத்தில் வேலை செய்த முட்டி அது. இரண்டு நாள் முன்னால் நான் தலையைத் தூக்கியிருந்தால் அவர் அங்கே உட்கார வேண்டியிருந்திருக்காது.

பிள்ளைகளே, நம் தொழிலில் வேலையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருப்பார்கள். பாதியில் நிற்பது போலத் தோன்றுகிற வேலைதான் இது. யார் கேட்டாலும், முடிந்தது என்றால் முடிந்தது என்று சொல்லுங்கள். பயந்து, இன்னும் வேலை இருக்கிறது என்று சொல்லாதீர்கள். நல்ல மனதுள்ள யாராவது அதை நம்பிவிடுவார்கள். தவறு நடந்துவிட்டால், நாற்காலியைக் காப்பாற்றுவதற்கு முன்னால் அந்த அறையில் நிற்கிற ஆளைப் பாருங்கள். நாற்காலி காத்திருக்கும். சூட்டையும் துணியையும் எப்படிப் பயன்படுத்துவது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு வாக்கியம் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்குப் பெரட்டு கலைந்ததும் அக்காவின் பின்னாலேயே நாற்று மேடைப் பாதையில் இறங்கினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஓடைப் பாலத்தில்தான் நின்றார்.

"அப்ப அது முடிஞ்ச வேலதானா?"

"ஆமாக்கா."

"ஓரமெல்லாம் தேஞ்சி கெடந்துச்சே?"

"வேணும்னே தேய்ச்சது. பழசு மாதிரி தெரியணும்னு."

"பூவு? பூவுலயும் பாதி இல்லியே."

"அதுவும்தான்க்கா."

 திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஏன்டி, அத அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் இன்னொரு தடவ நல்லாப் பாத்திருப்பேன்லா" என்றார்.

பிறகு கோணிப்பையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, மேடைக்கு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு பல வருஷம் அங்கேதான் வேலை செய்தார். அந்த நாற்காலிகளை அவர் மறுபடி பார்க்கவில்லை. நாற்று மேடை ஆட்களுக்குப் பங்களாவுக்குள் வர வேலை கிடையாது.